அடையாற்றுக்கு வந்த ஆராய்ச்சியாளர்

ஒரு விடுதியின் வாயிலில் செப்பிடு வித்தைக்காரர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டடி தொலைவில் மரத்தாற் செய்த சிறு பொம்மைகள் இரண்டு. அவற்றின் அருகே சில நாணயங்கள். வித்தைக்காரர் பொம்மைகளை நோக்கிப் பேசுகிறார். பொம்மைகள் தலை வணங்குகின்றன; ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. நாணயம் ஒன்று தரையிலிருந்து துள்ளி எழுந்து பொம்மையின்மீது மோதுகிறது. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் படை அதிகாரி ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, “இதுவும் ஆடுமா?” என வினவுகிறார். “ஆடும்” என்பது விடை. அந்த நாணயமும் தரைக்குச் செல்கிறது. மற்றவற்றைப் போலவே துள்ளுகிறது.

அன்று இரவு உணவு மேசையில் அந்த அதிகாரி தாம் கண்ட அதிசயத்தை மற்றவர்க்கு விரித்துரைத்தார். தம் நாணயத்தைத் தாமே தம் கையால் தரையில் வைத்ததாகவும், அவ்வாறு வைத்தும் அது ஆடியதாகவும் கூறினார். அருகிலிருந்த அவர் மனைவியார், “வித்தைக்காரரல்லவா அதை வாங்கி வைத்தார்?” என்று மெல்லக் கூறிப் பார்த்தார். அதிகாரி அதனை ஏற்கவில்லை. உடனிருந்த மூன்றாமவர் ஒருவரைத் தமக்குச் சான்று கூறுமாறு அழைத்தார். அந்த மூன்றாமவரோ அவ்வித்தையின் உள்மருமத்தை அறிந்தவர். எது நிகழ வேண்டுமென்பதை அறிந்து அதனையே உற்றுப் பார்த்திருந்தவர். அதிகாரி குனிந்தபோது வித்தைக்காரர் சிறிதே முன்சாய்ந்து, எவரும் கவனியாவண்ணம் அவர் விரல்களிலிருந்து நாணயத்தைப் பெற்றுத் தாமே கீழே வைத்ததை அவர் கண்டிருந்தார். அவ்வாறு வாங்காதிருந்தால் அந்த வித்தையே நடந்திராது.

அதிகாரி பொய்யர் அல்லர். தாமே வைக்க எண்ணினார். வைத்ததாகவே நினைவில் கொண்டார். சில மணி நேரத்திற்குள், எண்ணியது நிகழ்ந்ததாக மாறிவிட்டது. அன்றியும், மாறியது வித்தையின் உயிர்நிலையான அந்த ஒரு செய்தியே என்பதையும் நோக்குங்கள். அதனை மாற்றிச் சொன்னதும் செப்பிடு வித்தை அற்புதமாகி விட்டது.

இந்த நிகழ்ச்சியைக் குறித்து வைத்தவரே நம் பேச்சுக்குரியவர். அவர் பெயர் ரிச்சர்டு ஹாட்ஜ்சன். 1855இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிற் பிறந்து, அங்கே சட்டம் பயின்று, பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்றவர். 1884 டிசம்பரில் அவர் சென்னைக்கு வந்து இறங்கினார். வணிகத்திற்காகவோ அரசாங்க அலுவலுக்காகவோ அவர் வரவில்லை. அடையாற்றில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட அற்புதங்கள் மெய்யா பொய்யா என்று கண்டறியும் பணியை ஏற்று வந்தார். இத்தகைய வேலைக்கென ஒருவரைக் கடல் கடந்து அனுப்புவது அந்நாளில் புதுமையே.

அனுப்பியது 1882இல் லண்டனில் தோன்றிய ‘சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்’ என்னும் அமைப்பு. ஆவித் தோற்றம், எண்ணத்தாலேயே செய்தி அனுப்புதல் முதலிய செய்திகளை விஞ்ஞான முறையில் ஆராய்வதே அதன் நோக்கம். அதனை இனிக் கழகம் என்றே கூறுவோம். அதன் முதல் தலைவர் கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக். அவரைப்பற்றி ஒரு செய்தி கூற வேண்டும். ஆங்கிலத் திருச்சபையின் கொள்கை வாசகங்களை மனமார ஏற்க இயலாமையால், 1869இல் டிரினிட்டிக் கல்லூரியில் தாம் வகித்த பதவியையே துறந்தவர் அவர். மறுமை உண்டென்று நம்ப அவர் விரும்பினார். ஆனால், விருப்பம் சான்றாகாது என்பதையும் அறிந்திருந்தார். அவருடைய மாணவரே ஹாட்ஜ்சன். பயணச் செலவையும் சிட்ஜ்விக்கே ஏற்றார்.

இனி அடையாற்றுச் செய்தி. ருசியப் பேரரசில் 1831இற் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரும், அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் பிரம்ம ஞான சபையை நிறுவினர். 1879இல் பம்பாய் வந்தனர். 1882 இறுதியில் சபையின் தலைமையிடத்தை அடையாற்றங்கரைக்கு மாற்றினர். கீழ்நாட்டுச் சமயங்களையும் வடமொழி நூல்களையும் மேனாட்டார் இகழ்ந்து பேசிய காலம் அது. அக்காலத்தில் அவற்றைப் போற்றிப் பேசிய வெள்ளையரை நம் நாட்டுக் கற்றோர் பலர் அன்போடு வரவேற்றதில் வியப்பொன்றுமில்லை. ஆனால், சபையின் புகழுக்கு வேறொரு காரணமும் இருந்தது. இமயத்திற்கப்பால் வாழும் மகாத்துமாக்கள் இருவர் அம்மையாருக்கு வழிகாட்டுவதாகவும், அவர்களுடைய கடிதங்கள் இயற்கைக்கு மாறான வழிகளில் வந்து சேர்வதாகவும் சொல்லப்பட்டது. சில கடிதங்கள் கூரையிலிருந்து விழுந்தன. வேறு சில, அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய ஓர் அறையில், சுவரில் மாட்டியிருந்த மரப்பேழைக்குள் தோன்றின. வினாவை எழுதிப் பேழைக்குள் வைத்து மூடினால், சிறிது நேரத்தில் விடை அதனுள்ளே இருக்குமாம்.

1883 ஆகஸ்டில் நிகழ்ந்த ஒன்று சென்னையெங்கும் பேசப்பட்டது. ஓய்வுபெற்ற படைத்தலைவரான மார்கன் என்பவர் அப்பேழையைப் பார்க்க அடையாற்றுக்கு வந்தார். அம்மையார் அப்போது உதகமண்டலத்தில் இருந்தார். வீட்டைக் கவனித்து வந்த எம்மா கூலோம் என்ற மாது பேழையின் கதவைத் திறந்தபோது, உள்ளே சாய்த்து வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் திரட்டித் துணியிற் கட்டிப் பேழைக்குள் வைத்து மூடினார்கள். சில நிமிடங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், தட்டு முழுமையாக இருந்தது! மார்கன் இதனை எழுத்து வடிவிலும் உறுதிப்படுத்தினார். அவர் நேர்மையாளர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

1884 பிப்ரவரியில் அம்மையாரும் ஆல்காட்டும் ஐரோப்பா சென்றனர். அவர்கள் இல்லாதபோது கூலோம் தம்பதியருக்கும் சபையாருக்கும் பூசல் மூண்டது. மே மாதம் தம்பதியர் வெளியேற்றப்பட்டனர். செப்டம்பரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் மாத இதழ், அம்மையார் எம்மா கூலோமுக்கு எழுதியனவென்று கூறப்பட்ட கடிதங்கள் சிலவற்றை வெளியிட்டது. அற்புதங்களை எவ்வாறு செய்து காட்ட வேண்டுமென்று அவற்றிற் கட்டளைகள் இருந்தன. அக்கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதிக்கு எதிரே நகரின் நடுவில் இருந்தது. ஆதலால், அந்த இதழ் மூட்டிய தீ நகரெங்கும் விரைந்து பரவிற்று. கடிதங்கள் போலியென அம்மையார் மறுத்தார்; ஆயினும், சபையின் ஆலோசனைக் குழு தடுத்தமையால் வழக்குத் தொடுக்கவில்லை.

டிசம்பரில் அம்மையார் சென்னைக்குத் திரும்பியபோது மாணவர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் அவருக்கு வரவேற்பிதழ் வாசித்தளித்தனர். அதில் கையொப்பமிட்டவர்களுள் கிறித்துவக் கல்லூரி மாணவரும் பலர். மகாத்துமாக்களின் கடிதம் கூரையிலிருந்து விழும் என்று அவர்கள் அனைவரும் நம்பினரா என்பதை ஐயுறலாம். பாதிரிமார் தாக்கிய ஒருவரைத் தாங்குவது தம் நாட்டையும் சமயத்தையும் தாங்குவதாகும் என்று அவர்கள் கருதினர் என்றே நான் எண்ணுகிறேன். ஒரு பேழையின் பின்பலகை அசையுமா அசையாதா என்ற எளிய வினா, ஒரு நாட்டின் மானத்தோடு பிணைந்துவிட்டது. அந்த நிலையில் வினாவை வினாவாகவே வைத்து ஆராய்வது எவர்க்கும் அரிது.

ஹாட்ஜ்சன் வந்து சேர்ந்த வேளை அது. தம் முற்சாய்வு ஏதேனும் இருந்ததென்றால் அது அம்மையாருக்குச் சார்பானதே என்று அவர் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ மூன்று மாதம் தங்கி, சாட்சிகளை ஒவ்வொருவராக வினவினார், அறைகளை அளந்தார், சுவர்களையும் கூரை மரங்களின் இடுக்குகளையும் சோதித்தார். ஆனால், எந்தப் பொருளை முதலிற் பார்த்திருக்க வேண்டுமோ அந்தப் பேழையை அவர் பார்க்கவே இல்லை! அவர் வருமுன்னரே அது எரிந்து சாம்பலாகிவிட்டது. எரித்தவர்கள் சபையைச் சார்ந்தவர்களே. எவ்வாறெனில், இதழிற் செய்தி வெளிவந்தபின் அவர்கள் பேழையைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தனர். அன்பர் ஒருவர், பின்பக்கம் எத்துணை உறுதியானது என்று காட்டுவதற்காக அதனைக் கையால் தட்டினார். நடுப்பலகை மேலே எழும்பிவிட்டது. எழும்பியதைக் கண்டவர்கள் அடுத்துச் செய்த வேலை, பேழையை அப்புறப்படுத்தி எரித்ததுதான். இதனை ஹாட்ஜ்சனுக்குத் தெரிவித்தவரும் சபையினருள் ஒருவரே.

பேழையின் பின்னே சுவரில் துளையொன்று இருந்தது என்பதும், அதற்கு அப்பால் அம்மையாரின் அறைக்குள் நின்ற அலமாரியின் பின்பலகையும் நகரக்கூடியது என்பதும் கூலோம் தம்பதியர் கூறியவை. அவற்றையெல்லாம் அம்மையார் இல்லாதபோது கூலோமே சூழ்ச்சியாகச் செய்து வைத்தார் என்பது சபையாரின் விடை. கூலோம் தச்சு வேலை அறிந்தவராதலால் அது நடந்திருக்கக் கூடாததன்று. ஆகவே, துளை எப்போது உண்டாயிற்று என்பதே வழக்கின் மையமாயிற்று. சாட்சிகளின் கூற்றுகளை ஒப்பிட்டு, அது அற்புதங்கள் நிகழ்ந்த காலத்திலேயே இருந்தது என ஹாட்ஜ்சன் முடிவு செய்தார்.

பீங்கான் தட்டின் செய்தியில் அவருக்கு வலுவான சான்று கிடைத்தது. தட்டு ஒன்றன்று, இரண்டு. உடைந்ததைப் பின்வழியே எடுத்துவிட்டு அதே வகையான மற்றொன்றை வைத்தோம் என்றார் எம்மா கூலோம். கடையையும் குறிப்பிட்டார். ஹாட்ஜ்சன் சென்னை பாப்பம்ஸ் பிராட்வேயிலுள்ள அக்கடைக்குச் சென்று கணக்கைப் பார்வையிட்டார். மார்கன் அற்புதத்தைக் காண்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1883 ஜூலையில், அவ்வகைத் தட்டுகள் இரண்டு விற்கப்பட்டிருந்தன. ஒரு படைத்தலைவரின் உறுதிமொழியையும் ஒரு கடைக்காரரின் பேரேட்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால் எது தாழும்? கடைக்காரர் கணக்கெழுதியபோது மகாத்துமாக்களைப் பற்றி அவருக்கு எவ்வகை எண்ணமும் இல்லை. அச்சான்றின் வலிமை அதுவே.

1885 டிசம்பரில் கழகம் அறிக்கையை வெளியிட்டது. ஏறத்தாழ 200 பக்கம். அற்புதங்கள் அனைத்தும் திட்டமிட்ட ஏமாற்று, அல்லது பிறரின் கற்பனையும் தவறான கவனிப்பும் என்பது முடிவு. அம்மையார் அதற்கு முன்னரே, 1885 மார்ச் இறுதியில், நோயுற்றவராய்ச் சென்னையை விட்டுக் கப்பலேறியிருந்தார். மீண்டும் அவர் அடையாற்றைக் காணவில்லை. 1891இல் லண்டனில் காலமானார்.

அறிக்கையோடு செய்தி முடிந்திருந்தால் இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. ஐயுற்று ஆராய்ந்த அறிக்கையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. அம்மையார் ஏன் இவ்வாறு செய்தார் என்ற வினாவுக்கு ஹாட்ஜ்சன் கண்ட விடை என்ன தெரியுமா? ருசிய அரசின் நன்மைக்காகவே அவர் இந்தியாவில் வேலை செய்தார் என்பது! இதற்கு அவர் காட்டிய ஆதாரம் மெலிந்தது. ஆனால், அவர் இங்கிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆப்கானிய எல்லையில் ருசியப் படை நெருங்கி வந்துகொண்டிருந்தது. 1885 மார்ச்சில் பஞ்ச்தே என்னுமிடத்தில் மோதலே நிகழ்ந்தது. ருசியர் இந்தியாவின் மேல் வருவர் என்ற அச்சம் வெள்ளையர் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்த நாட்கள் அவை. அந்த அச்சம் ஆராய்ச்சியாளரின் அறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. பேழையின் பின்பலகையைத் தட்டிப் பார்க்கச் சொன்னவர், தம் கருத்தின் பின்பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை.

கையெழுத்துச் சோதனையிலும் இடர்ப்பாடு இருந்தது. மகாத்துமாவின் கடிதங்களை எழுதியவர் அம்மையாரல்லர் என்றே லண்டன் நிபுணர் நெதர்கிளிப்ட் முதலிற் கூறினார். மேலும் சில மாதிரிகளைக் காட்டியபின் கருத்தை மாற்றிக்கொண்டார். பெர்லின் நிபுணர் ஒருவரோ இரண்டும் வேறு கையெழுத்து என்றார். நூறாண்டு கழித்து, 1986இல், வெர்னன் ஹாரிசன் என்ற ஆவணச் சோதனை நிபுணர் ஹாட்ஜ்சனின் அறிக்கையைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை எழுதினார். மகாத்துமா கடிதங்களின் எழுத்து அம்மையாருடையது என்று ஹாட்ஜ்சன் நிலைநாட்டவில்லை. எதிர்ச்சான்றுகளைத் தள்ளிவிட்டு வழக்கறிஞர்போல் ஒரு பக்கமே வாதாடியிருக்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் பிரம்ம ஞான சபையினர் அல்லர், கழகத்தின் உறுப்பினர். அக்கட்டுரையை வெளியிட்டதும் அதே கழகத்தின் இதழ்தான். தன் பழைய அறிக்கையின்மீது எழுந்த கண்டனத்தைத் தன் இதழிலேயே அச்சிட்ட அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும், ஹாரிசனின் கட்டுரையால் பீங்கான் தட்டு மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. கையெழுத்துபற்றிய வாதம் தளர்ந்தது என்பது வேறு; பேழையின் பலகை நகரவில்லை என்பது வேறு.

அறிக்கை வெளிவந்ததால் சபையும் அழிந்துவிடவில்லை. 1889இல் அன்னி பெசன்ட் அம்மையார் சபையிற் சேர விரும்பியபோது, முதலில் கழகத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு வருமாறு பிளாவட்ஸ்கி அம்மையாரே கூறினார். பெசன்ட் படித்தார், அறிக்கையின் வாதங்கள் அவருக்கு வலியற்றனவாகத் தோன்றின, சபையிற் சேர்ந்தார். 1907இல் சபைத் தலைவரானதும், 1917இல் கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதும் நீங்கள் அறிந்த வரலாறு. பகுத்தறிவு வாதியாகப் பல்லாண்டு விளங்கிய ஒருவர் அதே 200 பக்கங்களைப் படித்து, எழுதியவருக்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்.

நம் அளவை நூலார் அறிவு வரும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகக் கூறுவர். மணிமேகலையின் 29ஆம் காதையிற் பேசும் பௌத்தரோ முதலிரண்டை மட்டுமே கொள்வர். ஏனையவற்றைக் கருதலுள் அடக்குவர். பிறர் உரையைக் கேட்டு ஒன்றை நம்புகிறோம் என்றால், சொன்னவர் தகுதியையும் சொன்ன செய்தியின் இயல்பையும் நாமே கருதிப் பார்த்தே நம்ப வேண்டும் என்பது அதன் உட்பொருள் என்று கொள்ளலாம். அடையாற்றில் ஹாட்ஜ்சனுக்குக் கிடைத்தவற்றுட் பெரும்பகுதி உரையே. பேழை இல்லை; துளை அடைபட்டுவிட்டது; எஞ்சியவை மனிதர் சொற்கள். அச்சொற்களை எவ்வளவு நம்பலாம் என்ற கவலை இந்தியாவிலிருந்து திரும்பிய பின்னும் அவரை விடவில்லை.

அதற்கு விடை காணும் வாய்ப்பை அளித்தவர் டேவி என்ற இளைஞர். அவர் 1884இல் எக்ளிண்டன் என்ற பேர்பெற்ற மீடியத்திடம் சென்றவர். மீடியம் என்பது இறந்தவருக்கும் இருப்பவருக்கும் இடையாளாக நிற்பதாகக் கூறிக்கொள்பவரின் பெயர். எக்ளிண்டனின் கைவசம் இருந்த அற்புதம் சிலேட்டு எழுத்து. மூடிக் கட்டிய இரண்டு சிலேட்டுப் பலகைகளுக்கிடையில் ஆவிகள் எழுதும். டேவி முதலில் முழுதும் நம்பினார்; பின்னர்ச் சூழ்ச்சியைக் கண்டுகொண்டார்; அதன்பின் தாமே அதனைப் பழகிக்கொண்டார். 1886இல் அவரும் ஹாட்ஜ்சனும் ஓர் ஏற்பாடு செய்தனர். டேவி மாற்றுப் பெயரில் கூட்டம் நடத்துவார். வந்தவர்கள் தாம் கண்டதைப் பின்னர் எழுதித் தர வேண்டும். வந்தவர் பலரும் கல்வியறிவு உடையவர்கள். அவர்கள் எழுதித் தந்தவற்றை உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டபோது வியப்பு மேலிட்டது. டேவி அறையை விட்டுச் சென்றது விடுபட்டிருந்தது. முன் நடந்தது பின்னும், பின் நடந்தது முன்னுமாக மாறியிருந்தது. தம் கண்பார்வையினின்றும் சிலேட்டு ஒரு கணமும் அகலவில்லை என்று அகன்ற சிலேட்டைப்பற்றி எழுதியிருந்தனர். விடுதி வாயிலில் நாணயத்தை நீட்டிய அதிகாரியைப் போன்றவர்களே அவர்கள் அனைவரும். 1887இல் வெளியான இந்த ஆராய்ச்சி, சாட்சியத்தின் மனவியலைச் சோதனை முறையில் அணுகிய முதல் முயற்சிகளுள் ஒன்று. நீதிமன்றத்தில் நேரிற் கண்ட சாட்சியின் சொல்லை எவ்வளவு கொள்வது என்று இன்று ஆராய்வோர்க்கும் அது பழைய முன்னோடி.

இதில் நகைப்புக்கிடமான ஒரு கிளைக்கதையும் உண்டு. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்திற் கண்டறிந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் ஆவியுலகில் அழுந்திய நம்பிக்கை உடையவர். தாம் செய்தவையெல்லாம் வெறும் வித்தை என்று டேவி அறிவித்த பின்னும் வாலேஸ் ஒப்பவில்லை. எவ்வாறு செய்தார் என்பதனை முழுதும் விளக்கிக் காட்டாதவரை, டேவியும் ஓர் உண்மை மீடியமே என்று கருத வேண்டியிருக்கிறது என்றார்! டேவி 1890இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். ஆகவே, வித்தையின் மருமங்களை ஹாட்ஜ்சனே 1892இல் விரிவாக எழுதி வெளியிட நேர்ந்தது. வாலேஸை அறிவிலி என்று தள்ளிவிட முடியுமா? மலேயத் தீவுகளில் வண்டுகளையும் பறவைகளையும் எட்டாண்டுக் காலம் நுணுகிப் பார்த்த கண்கள் அவருடையவை. வண்டு பார்ப்பவரை ஏமாற்ற முயல்வதில்லை, வித்தைக்காரர் முயல்கிறார். அவ்வேறுபாட்டை அவர் எண்ணவில்லை.

இதுவரை நாம் கண்ட ஹாட்ஜ்சன் எதனையும் எளிதில் நம்பாதவர். இனிக் காணப்போவது அவர் வாழ்வின் பிற்பகுதி. 1887இல் அவர் அமெரிக்கக் கழகத்தின் செயலாளராகப் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே லியோனோரா பைப்பர் என்ற மாது மயக்க நிலையில் ஆவிகளின் சொற்களை உரைத்து வந்தார். ஹார்வார்டு மனவியற் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1885இல் தம் சிறு மகனை இழந்த சில மாதங்களுக்குள் அவரைச் சந்தித்து, எளிதில் விளக்க முடியாத ஏதோ ஒன்று அங்கே இருப்பதாக எண்ணினார். காகங்கள் யாவும் கரியன என்ற விதியைக் குலைக்க ஒரே ஒரு வெள்ளைக் காகம் போதும் என்பது அவர் காட்டிய உவமை. பைப்பர்தாம் அந்தக் காகம்.

ஹாட்ஜ்சன் அடையாற்று முறையையே அங்கும் கையாண்டார். பைப்பர் இரகசியமாக எவரிடமேனும் செய்தி திரட்டுகிறாரா என்று பார்க்கத் துப்பறிவோரை அமர்த்தினார். வருவோரின் பெயர்களை மறைத்தார். ஏமாற்று எதுவும் அகப்படவில்லை. ஆயினும், பைப்பர் வாயிலாகப் பேசிய ‘பினுயி’ என்ற ஆவி தன்னைப் பிரெஞ்சு மருத்துவர் என்று கூறிக்கொண்டதே தவிர, பிரெஞ்சு மொழி அதற்குச் சரியாக வரவில்லை. அத்தகைய மருத்துவர் வாழ்ந்ததற்கான சுவடும் கிடைக்கவில்லை. இவற்றை ஹாட்ஜ்சனே அறிக்கையில் எழுதினார். 1892 வரை அவர் ஐயத்தின் பக்கமே நின்றார்.

அவ்வாண்டில் அவருடைய இளம் நண்பர் ஜார்ஜ் பெல்லூ திடீரென இறந்தார். அவர் மறுமையில் நம்பிக்கை இல்லாதவர். எனினும், தாம் முந்தி இறந்து, ஏதேனும் எஞ்சியிருந்தால் எப்படியும் அறிவிப்பதாக ஹாட்ஜ்சனிடம் வாக்களித்திருந்தார். சில வாரங்களில் பைப்பர் வழியே பெல்லூ என ஒன்று பேசத் தொடங்கியது. 150 பேருக்குக் குறையாத அன்பரும் அயலாரும் முன்னே வந்து அமர்ந்தனர். அவர்களுள் பெல்லூ உயிரோடிருந்தபோது அறிந்திருந்த 30 பேரை அது அடையாளம் கண்டுகொண்டதாகவும், அறியாதவரை அறிந்தவராகக் கொள்ளவில்லையென்றும் ஹாட்ஜ்சன் கணக்கிட்டார். 1898இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: பேசுபவை இறந்தோரின் ஆவிகளே.

கடைப் பேரேட்டைத் தேடிச் சென்றவர் இங்கே எதனைத் தேடவில்லை? வந்தவரின் முகத்தில், மூச்சில், கைந்நடுக்கத்தில் விடை இருந்திருக்கலாம். மயக்கத்திலிருப்பவர் நாம் நினைப்பதைவிட மிகுதியாக அறிபவர். அடையாற்றில் அவர் அயலார். பாஸ்டனில் பேசியது தம் நண்பரின் குரல், கேட்டவர் தாம். டேவியின் கூட்டத்திலிருந்தோரின் நினைவைச் சோதித்ததுபோல, அடையாற்றுச் சாட்சிகளின் நினைவைச் சோதித்ததுபோலத் தம் நினைவைச் சோதிக்க அவருக்கு மற்றொரு ஹாட்ஜ்சன் இல்லை. இவ்வாறு நான் கூறுவதால் அவர் கண்டது பொய்யென்று நிறுவியதாகாது. அவர் முன்னர் வகுத்த அளவுகோலையே அவர்மேல் வைத்துப் பார்க்கிறேன்.

அக்கழகத்தாருள் சிலர் இத்தகைய சோதனைக்கு வேறு வழியும் தேடினர். மயர்ஸ் என்ற அறிஞர் ஒரு செய்தியை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து நண்பரிடம் ஒப்படைத்திருந்தார். தாம் இறந்தபின் மீடியம் வழியே அச்செய்தியை அறிவிப்பதாக ஏற்பாடு. அவர் 1901இல் இறந்தார். மயர்ஸிடமிருந்து வந்ததாக ஒரு மாது எழுதிய செய்தியை வைத்துக்கொண்டு, 1904 டிசம்பரில் பலர் முன்னிலையில் உறையைப் பிரித்தனர். இரண்டும் ஒத்திருக்கவில்லை. ஒத்திருக்கவில்லை என்பதையும் கழகம் அச்சிட்டு வெளியிட்டது.

1905 டிசம்பர் 20ஆம் நாள் ஹாட்ஜ்சன் பாஸ்டனில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். வயது 50. சில நாட்களுக்குள் பைப்பரின் வாயிலாக ஹாட்ஜ்சன் எனத் தன்னைக் கூறிக்கொண்டு ஒன்று பேசத் தொடங்கியது. அதனை ஆராயும் கடமை வில்லியம் ஜேம்ஸுக்கு வந்தது. இருபதாண்டுப் பழக்கமுள்ள நண்பரின் நகைச்சுவையும் பேச்சின் போக்கும் அதில் இருப்பதை அவர் உணர்ந்தார். ஆனால், பைப்பரோ ஹாட்ஜ்சனைப் பதினெட்டு ஆண்டுகளாக நெருங்கி அறிந்தவர். அவர் பேச்சும் பழக்கமும் அந்த மாதின் நினைவிலேயே படிந்திருக்கக் கூடும். ஆதலால், அந்த ஒரு வழக்கு சான்றுக்கு ஏற்றதன்று என ஜேம்ஸ் எழுதினார். 1909இல் வெளியான அவருடைய நீண்ட அறிக்கை, பேசியது ஹாட்ஜ்சன்தாம் என்றும் கூறவில்லை. அல்லர் என்றும் கூறவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜேம்ஸும் காலமானார்.